காரின் ஏசிக்கு வருடாவருடம் காஸ் நிரப்ப வேண்டுமா?

மட்டக்களப்பில் கச்சான் காற்று வீசத் தொடங்கினால் நண்பகலில் வீதியில் இறங்கவே மனம் வராது. அப்படியான ஒரு நாளில் மகனைப் பாடசாலையிலிருந்து காரில் ஏற்றி வந்துகொண்டிருந்தேன். ஏசியைப் போட்டால் வெறும் சூட்டுக் காற்று. கண்ணாடியை இறக்கினால் புழுதி. மகனுக்கோ சிறுவயது முதலே இழுப்பு. வீடு வந்து சேர்வதற்குள் அவனது நெஞ்சு கீச்சிடத் தொடங்கிவிட்டது.

கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். வாகனத்தின் நல்லது கெட்டது எல்லாம் என் பொறுப்பு. கராஜுக்குக் கொண்டுபோனேன். "காஸ் முடிஞ்சிருக்கு, நிரப்பினாச் சரி" என்றார்கள். நிரப்பினேன். நான்கு மாதங்களில் மீண்டும் சூடு. மீண்டும் நிரப்பினேன். மூன்றாவது தடவை, "வருசா வருசம் ஏசி சேர்விஸ் செய்யாததுதான் பிழை" என்று என்னையே குறை சொன்னார்கள்.

மனம் கேட்காமல் வேறொரு கராஜுக்குப் போனேன். அங்கே வயதான பாஸ் ஒருவர். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்கால லீக் எண்டு பார்த்தாங்களா மகள்?" என்றார்.

"ஒருத்தரும் பார்க்கல்ல ஐயா."

"காஸ் பெற்றோல் மாதிரி எரிஞ்சு முடியிற சாமானில்ல மகள். இப்பிடிக் கெதியாக் குறைஞ்சா எங்கயோ ஓட்டை இருக்கு. அத அடைக்காம நிரப்பினா ஓட்டைக் குடத்துல தண்ணி வார்த்த கததான்."

பொனட்டைத் திறந்து, ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சரைக் காட்டினார். அதில் ஓரிடத்தில் எண்ணெய்ப் பசையில் புழுதி ஒட்டிக் கறுத்திருந்தது. சவர்க்கார நுரை பூசியதும் குமிழி வந்தது. கசிவு அங்கேதான். மூன்று தடவை நான் கொடுத்த பணத்தைக் கூட்டிப் பார்த்தால், அந்தப் பாகத்தையே மாற்றியிருக்கலாம்.

இன்னொன்றையும் செய்தார். டாஷ்போட் லாச்சியைக் கழற்றி, உள்ளே வரும் காற்றை வடிக்கும் பில்டரை வெளியே எடுத்தார். தூசும் காய்ந்த இலைத் துகள்களும் அடைத்துக் கறுப்பாகிப் போயிருந்தது. இதற்குள்ளால் வந்த காற்றைத்தானா என் பிள்ளை தினமும் சுவாசித்தான்? எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்று அவரிடம் கேட்டறிந்தவற்றை, என்னைப் போல தனியாகக் கராஜுக்குப் போகும் சகோதரிகளுக்காக எழுதுகிறேன்.

காருக்குள் காஸ் மூடிய குழாய்களுக்குள்ளேயே சுற்றி வருகிறது. இறப்பர்க் குழாய்கள், மூட்டுகள் வழியாகப் பல வருடங்களில் சிறிதளவு குறைவது இயல்பு. சில மாதங்களிலேயே குறைந்தால் அது கசிவு. கம்ப்ரசருக்கு வேண்டிய எண்ணெயும் இந்தக் காஸோடு சேர்ந்தே ஓடுகிறது. ஆகவே காஸ் குறைந்த நிலையில் தொடர்ந்து ஓட்டினால் கம்ப்ரசர் தேய்ந்து இறுகிவிடலாம். அதுதான் பெருஞ்செலவு.

அப்படியானால் எப்போது கராஜுக்குப் போவது? நாட்காட்டியைப் பார்த்து அல்ல, அறிகுறியைப் பார்த்துப் போங்கள். குளிர் படிப்படியாகக் குறைவது காஸ் கசிவாக இருக்கலாம். ஓடும்போது குளிர்ந்து, நெரிசலில் நிற்கும்போது சூடானால் கண்டென்சரின் விசிறியையோ அதில் படிந்த அழுக்கையோ பார்க்கச் சொல்லுங்கள். காற்றே குறைவாக வந்தால் முதலில் பில்டரைப் பாருங்கள். ஏசி போட்டதும் பூஞ்சண வாடை வந்தால் உள்ளே ஈரம் தங்கியிருக்கிறது. காருக்கு அடியில் தண்ணீர் சொட்டுவது நல்லதே. அது காற்றிலுள்ள ஈரம். ஆனால் கால்மிதி நனைந்தால் அந்தத் தண்ணீர் போகும் குழாய் அடைபட்டிருக்கிறது.

தவறாமல் செய்ய வேண்டியவை சிலவே. பில்டரை வருடத்துக்கு ஒரு தடவையாவது மாற்றுங்கள். எமது புழுதியில் இடையிடையே கழற்றித் தட்டிப் பாருங்கள். மழைக் காலத்திலும் வாரம் ஒரு தடவை பத்து நிமிடமாவது ஏசியைப் போடுங்கள். எண்ணெய் சுற்றி ஓடி மூட்டுகள் காயாமல் இருக்கும். வீட்டை நெருங்கும்போது ஏசியை நிறுத்திவிட்டு விசிறியை மட்டும் ஓட விட்டால் உள்ளே ஈரம் உலர்ந்து வாடை வராது.

காஸ் நிரப்பத்தான் வேண்டுமென்றால் வேலையின் ஒழுங்கைக் கவனியுங்கள். முதலில் கசிவைக் கண்டுபிடித்துத் திருத்த வேண்டும். பின்னர் வெக்கும் பம்ப் மூலம் உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்தெடுக்க வேண்டும். அதன் பிறகே பொனட்டின் கீழுள்ள ஸ்டிக்கரில் குறிப்பிட்ட வகைக் காஸை, குறிப்பிட்ட நிறைக்கு, தராசில் வைத்து நிரப்ப வேண்டும். கூடினாலும் குளிர் குறையும். ஹைபிரிட் கார் வைத்திருப்போர் இன்னும் அவதானமாக இருங்கள். அவற்றின் கம்ப்ரசர் பெரும்பாலும் உயர் மின்னழுத்தத்தில் இயங்குவது. அதற்கென உள்ள எண்ணெயைத் தவிர வேறு எண்ணெய் கலந்தால் மின்காப்புக் கெட்டுவிடும்.

இதில் எமது பணம் மட்டுமல்ல, பூமியின் நலனும் இருக்கிறது. பல கார்களில் உள்ள ஆர்-134ஏ காஸ், அதே நிறையுள்ள காபனீரொட்சைட்டைவிட நூறு வருட காலத்தில் 1,300 மடங்குக்கும் குறையாமல் பூமியைச் சூடாக்கக் கூடியது. கசிய விட்டு நிரப்புவது, வெயிலுக்கு நாமே விறகு வைப்பது போன்றது.

கண்டென்சரை மாற்றி இரண்டு கச்சான் காலம் கடந்துவிட்டது. இதுவரை காஸ் நிரப்பவில்லை. மகனின் மருந்தை வைத்தியர் சொன்னபடி தொடர்கிறோம். பில்டரைக் கழற்றித் தட்டுவது இப்போது அவனுடைய வேலை.

அடுத்த தடவை யாராவது "காஸ் முடிஞ்சிருக்கு" என்று சொன்னால் தயங்காமல் கேளுங்கள், "எங்கால லீக்?" என்று. பதில் கிடைத்த பிறகு பணப்பையைத் திறந்தால் போதும்.