காற்றாலையும் மக்கள் கருத்தும்: மன்னார்த் தீவை முன்வைத்து ஓர் ஆய்வு

இயந்திரம் நன்மை தீமை அறியாதது. அதனை ஆள்வோனுக்கே அறம் உரியது என்பர் பலர். இக்கூற்று ஓரளவே பொருந்தும். ஓரிடத்தில் இயந்திரத்தை நாட்டுவதென்று துணியும்பொழுதே, யாருடைய அறிவு கணக்கிற் கொள்ளப்பட்டது, யாருடைய அறிவு விடப்பட்டது என்னும் வினா எழுந்துவிடுகின்றது. கல்கத்தாவிற் பிறந்து ஆர்வர்ட் பல்கலைக்கழகத்திற் பேராசிரியையாய் விளங்கும் ஷீலா ஜசனோவ், 2003ஆம் ஆண்டில் ‘மினர்வா’ என்னும் ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை இவ்வினாவை நன்கு ஆராய்கின்றது. வல்லுநர் வருமுன் கணிக்கும் முறைகள் தெரிந்தவற்றைத் திண்ணமாகக் காட்டித் தெரியாதவற்றைக் கணக்கின் புறத்தே தள்ளிவிடுகின்றன என்பது அவர் கருத்து. ஆதலின், சிக்கல் எவ்வாறு வரையறுக்கப்பட்டது, ஊறு எவரை எளிதிற் பற்றும், பயனும் இழப்பும் எவரெவரைச் சேரும், நிகழ்ந்தவற்றிலிருந்து சமூகம் எவ்வாறு கற்கும் என நான்கையும் மக்களோடிருந்து வினவும் பணிவான முறைகள் வேண்டும் என்கிறார்.

இதனை ஆராய்தற்கு மன்னார்த் தீவினும் ஏற்ற இடம் நம் நாட்டில் அரிது. சோழகக் காற்று தடையின்றி வீசும் தாழ்ந்த மணற்றீவு அது. அதன் தெற்குக் கரையில் இலங்கை மின்சார சபை ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு அமைத்த ‘தம்பபவனி’ காற்றாலை 2020 டிசம்பரில் திறந்துவைக்கப்பட்டது. 30 காற்றாடிகள், மொத்த ஆற்றல் 103.5 மெகாவாற்று. நுரைச்சோலையில் நிலக்கரி எரிப்பதோடு ஒப்பிடின், புகையும் சாம்பலும் இன்றி மின் பெறுவது பெருநன்மையே. இதனை மறுத்துரைப்பது நேர்மையாகாது.

எனினும், இத்தீவு மத்திய ஆசியாவிலிருந்து வரும் வலசைப் பறவைகளின் வழியிற் கிடக்கின்றது. அருகிலுள்ள வங்காலைச் சரணாலயம் 2010இல் இராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. எனவே பறவைக் கூட்டங்களைக் கண்டறியும் ராடார்க் கருவியொன்றும் தம்பபவனியில் இடம்பெற்றது. பாராட்டத்தக்க ஏற்பாடு. ஆனால் இங்கேதான் ஜசனோவின் முதல் வினா நினைவிற்கு வருகின்றது. சிக்கலை ‘மின்சாரமா, பறவையா’ என வரையறுத்தால் அதற்கு ராடார் விடையாகலாம். பேசாலையிலும் தாழ்வுபாட்டிலும் மக்கள் எழுப்பிய வினாக்களோ வேறு: பாதையும் அடித்தளமும் உயர்ந்தபின் மாரி நீர் எவ்வழியே கடலைச் சேரும்? கரைவலைக்காரனின் வாடிக்கு இடம் எங்கே? இவற்றை ராடார் காணாது.

மக்கள் கருத்தைக் கேட்டற்கு நம் நாட்டிற் சட்டம் உண்டு. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டம், 1988இல் திருத்தப்பட்டபின், பெருந்திட்டங்களுக்குச் சூழல் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. அறிக்கை வந்ததும் மும்மொழியிலும் அறிவித்தல் வெளியிட்டு, 30 நாள் மக்கள் கருத்திற்கு விடல் வேண்டும். இன்று அறிக்கைகள் இணையத்தில் ஏற்றப்படுகின்றன; கருத்தினை மின்னஞ்சலில் அனுப்பலாம். கொழும்பிற்குச் செல்லாமலே மன்னார் இளைஞன் எழுதலாம் என்பது உண்மையான ஆக்கமே. ஆனால் அறிவித்தல் தமிழில் வருவது வேறு. பல நூறு பக்கம் விரியும் அறிக்கை தமிழிற் புரிவது வேறு. விடியுமுன் கடலிற் படகு செலுத்துவோன் அறிந்த நீரோட்டம், மின்னஞ்சலின் வடிவிற்கு எளிதில் அடங்குவதன்று. செரி ஆர்ன்ஸ்டைன் என்னும் அமெரிக்க அறிஞர் 1969இல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்தார். கருத்துக் கேட்டல் அதில் நான்காவது படி. கேட்டது ஏற்கப்படும் என்னும் உறுதி அப்படியில் இல்லை. இணையம் படியை அகலமாக்கலாம், தானாகவே உயர்த்தாது.

பின்னர் நிகழ்ந்தவை இதனைத் தெளிவாக்கும். அதானி நிறுவனம் முன்வைத்த 250 மெகாவாற்றுத் திட்டத்தின் அறிக்கை 2024இல் மக்கள் கருத்திற்கு விடப்பட்டது. உயர் நீதிமன்றத்தில் வழக்குகளும் தொடரப்பட்டன. ஆயினும் 2025 பெப்ரவரியில் அந்நிறுவனம் விலகியது, அரசு மின்விலையை மீளப் பேச முற்பட்டதன் பின்னரேயாம். விலை பேசியது, ஊர் பேசியதற்கு என்ன விடை என்பது அத்துடன் மறைந்தது. அவ்வாண்டு ஓகஸ்டில் வேறொரு சிறு திட்டத்திற்குரிய காற்றாடி உறுப்புகள் வந்தபொழுது மக்கள் வீதிக்கு வந்தனர். சனாதிபதி பணியை ஒரு மாதம் நிறுத்திவைத்தார். செப்டம்பரில் மீண்டும் உறுப்புகள் கொண்டுவரப்பட்டபோது பொலிசாருடன் மோதல் நேர்ந்தது, மன்னார் கடையடைத்தது. எழுத்தாற் கேட்கும் வாயில் போதியதாயிருப்பின், பாரவண்டியின் முன் நிற்றல் எதற்கு?

நான்காம் வினாவாகிய கற்றல், இன்னும் தொடங்கப்படாமலே கிடக்கின்றது. தம்பபவனி நிறுவப்பட்டபின் பல மாரிகள் கழிந்துவிட்டன. எவ்விடத்தில் நீர் தேங்கிற்று, எத்தனை நாள் நின்றது என்பதை அவ்வவ்வூரார் அறிவர். அதனை அவர் வாய்மொழியாகவே பதிந்து, ராடார்க் குறிப்புகளோடு ஒரே நிலப்படத்தில் வரைந்து, கிராம அலுவலர் பணிமனையிலும் இணையத்திலும் ஒருங்கே வைத்தல் அரிய செயலன்று. பல்கலைக்கழக மாணவர் சிலரும் கையடக்கத் தொலைபேசிகளுமே அதற்குப் போதும். அடுத்த அறிக்கை எழுதப்படுமுன் அப்படம் முடிவுறல் வேண்டும்.