தேய்த்தாலும் போகாத கருமை

சீசன் நேரத்தில் குற்றாலம் மெயின் அருவிக்கு அடியில் கழுத்தைக் கொடுத்து நின்றால் உடம்பு லேசாகிவிடும். பின்கழுத்தில் பட்டை கட்டிய கருப்பு மட்டும் அப்படியே இருக்கும். "ஒழுங்கா அழுக்கு தேய்ச்சுக் குளி" என்று பிள்ளைகள் வீட்டில் திட்டு வாங்குவதும் இதற்காகத்தான். பாவம், அது அழுக்கே இல்லை.

அந்த இடத்தைத் தொட்டால் வெல்வெட் துணியைப் போலத் தடித்து மெத்தென்றிருக்கும். அக்குளிலும் இருக்கலாம். 'அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ்' என்கிறார்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது உடல் அதைக் கூடுதலாகச் சுரக்கிறது. அது தோல் செல்களைப் பெருகத் தூண்டுகிறது. ஆகவே தேவைப்படுவது சர்க்கரைப் பரிசோதனை. மாறாக, நாரும் நைலான் வலையும் போட்டு வருடக்கணக்கில் தேய்த்தால் முதுகிலும் கையிலும் புதிதாகக் கருமை ஏறலாம்.

இடையில் வந்த கருமைக்குக் காரணம் தேடும் தோல் மருத்துவர் முதலில் இடத்தைத்தான் பார்ப்பார். இரு கன்னங்களிலும் மேலுதட்டிலும் சமமாகப் படர்ந்திருந்தால் பெரும்பாலும் மங்கு. வெயில், கர்ப்பம், கருத்தடை மாத்திரை மூன்றும் அதைத் தூண்டும். சுரண்டை, பாவூர்சத்திரம் பக்கம் வயலில் நிற்கும் பெண்களுக்கு வெயிலிலிருந்து தப்ப வழி குறைவு. பொட்டு வைக்கும் இடம் மட்டும் கறுத்தால் ஸ்டிக்கர் பசையோ குங்குமமோ ஒத்துக்கொள்ளவில்லையா என்று ஒட்டுச் சோதனை செய்வார்கள். சிக்குன்குனியா வந்துபோன பிறகு மூக்கு கறுப்பதும் உண்டு.

விரல் முட்டிகள் கறுத்தால்? 1963இல் வேலூர் சி.எம்.சி.யின் எஸ்.ஜே.பேக்கர் குழுவினர் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் இதைத்தான் எழுதினார்கள். கை, கால்களில் படிந்த கருமை வைட்டமின் பி12 குறைவின் அடையாளம். பி12 கொடுத்ததும் நாளடைவில் மறைந்தது. நம் மண்ணின் நோயாளிகளைக் கூர்ந்து பார்த்துக் கிடைத்த அறிவு இது.

ஈறும் உள்ளங்கை ரேகையும் கறுத்து, எடை குறைந்து, தலை சுற்றினால் அவசரம். 1855இல் லண்டனில் தாமஸ் அடிசன் விவரித்த அட்ரினல் சுரப்பி நோயாக இருக்கலாம். காசநோய்கூட அந்தச் சுரப்பியை அழிக்கும்.

'உட்ஸ் லாம்ப்' என்ற புற ஊதா விளக்கில் மேல்தோல் கருமை எடுப்பாகத் தெரியும், ஆழத்தில் உள்ளது அப்படி எடுப்பாகத் தெரியாது. நம் மாநிறத்தில் இந்த வேறுபாடு அவ்வளவு துலங்காது. அதனால் டெர்மோஸ்கோப் என்ற உருப்பெருக்கியை வைத்தும் பார்க்கிறார்கள். சந்தேகம் தீராவிட்டால் துளித் தோலை எடுத்துச் சோதிக்கிறார்கள்.

இத்தனை காரணங்களுக்கும் மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஒரே களிம்பு எப்படி மருந்தாகும்? ஸ்டீராய்டு கலந்த களிம்பு முதலில் வெளுக்க வைக்கும். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, கருமை திரும்பும். 2018இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. தென்காசி அரசு மருத்துவமனையோ தனியார் மருத்துவரோ, யாரிடம் போனாலும் பவுடர் பூசாத முகத்தோடு போங்கள். இதுவரை தடவிய டியூபையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.