பெயருக்கு ஒரு டைரக்டர் போடலாமா?

நம் சங்க உறுப்பினர்கள் பலர் தந்தை காலத்துக் கடையை இப்போது பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக மாற்றி வருகிறார்கள். ஏஜென்சி எடுக்க வசதி, வியாபாரம் நொடித்தாலும் வீடு வாசலுக்கு ஆபத்தில்லை என்று காரணம் சொல்கிறார்கள். சட்டப்படி குறைந்தது இரண்டு டைரக்டர்கள் வேண்டும். உடனே மனைவி பெயரையோ, கல்லூரியில் படிக்கும் மகன் பெயரையோ போட்டுவிடுகிறோம். "பெயருக்குத்தானே" என்று கையெழுத்தும் வாங்கிவிடுகிறோம். ஆனால் சட்டத்தில் பெயருக்கு டைரக்டர் என்று ஒரு வகை கிடையாது.

கம்பெனி வேறு, முதலாளி வேறு என்பதை நிலைநாட்டிய வழக்கே நம்மைப் போன்ற ஒரு குடும்ப வியாபாரியின் வழக்குதான். லண்டனில் சாலமன் என்ற பூட்ஸ் வியாபாரி 1892-ல் தம் தொழிலைக் கம்பெனியாக்கினார். 20,007 பங்குகளில் மனைவிக்கும் ஐந்து பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒன்று; மீதி எல்லாம் அவருக்கே. கம்பெனி சீக்கிரமே நொடித்தது. கடன் கொடுத்தவர்கள் அவரைப் பிடித்தார்கள். கம்பெனியின் கடன் சாலமனின் கடன் ஆகாது என்று 1896-ல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது.

தீர்ப்பின் இந்தப் பாதியைத்தான் நாம் ஞாபகம் வைத்துக்கொள்கிறோம். கம்பெனி வேறு ஆள் என்றால், அதன் கல்லாவும் வேறு ஆளுடையது. மகள் கல்யாணத்துக்கு எடுத்த பணம் நம் பணம் அல்ல, கம்பெனியிடம் வாங்கிய கடன். அதற்கு 185-வது பிரிவில் கடுமையான நிபந்தனைகள் உண்டு. அந்தத் தொகையை லாப ஈவாகக் கருதி வருமான வரி கேட்கவும் இடமுண்டு. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 166-வது பிரிவு, டைரக்டர் கம்பெனியின் நலனுக்காக நாணயத்தோடும் கவனத்தோடும் நடக்க வேண்டும், முறையற்ற ஆதாயம் அடையக்கூடாது என்கிறது. அடைந்தால் அவ்வளவையும் கம்பெனிக்குத் திருப்பித் தர வேண்டும். மீறினால் 1 லட்சம் முதல் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

வீடு வாசல் விஷயமும் பாதிதான் உண்மை. வங்கிக்காரர் டைரக்டரின் சொந்த ஜாமீன் கேட்காமல் கடன் தருவது அபூர்வம். செக் திரும்பினால் கையெழுத்திட்டவர் மீதும் நிர்வாகம் பார்ப்பவர் மீதும் வழக்கு வரும். கம்பெனியிடம் வசூலிக்க முடியாத வருமான வரியையும் ஜி.எஸ்.டி.யையும் பிரைவேட் கம்பெனியின் டைரக்டரிடம் கேட்கலாம். தம் அசட்டையால் அது நேரவில்லை என்று நிரூபிக்க வேண்டியது அவர் பொறுப்பு.

வியாபாரமே நடக்காவிட்டாலும் கணக்கும் ஆண்டறிக்கையும் வருடந்தோறும் பதிவாளருக்குப் போயாக வேண்டும். தவறினால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய். இரண்டு படிவங்கள் ஓராண்டு தாமதமானால் 73,000 ரூபாய்! இது ஒரு மூட்டை மஞ்சளில் வரும் லாபமா என்ன? மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தவறினால் டைரக்டர்கள் ஐந்து ஆண்டுகளுக்குத் தகுதி இழப்பார்கள். ஏட்டில் மட்டும் இருக்கிற சட்டம் என்று நினைக்க வேண்டாம். 2017-ல் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகள் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டன, சுமார் மூன்று லட்சம் டைரக்டர்கள் தகுதி இழந்தார்கள். கடைக்குள் கால் வைக்காத மனைவியும் மகனும் கூட இந்தப் பிரிவில் தப்ப முடியாது. நாளை அந்த மகன் நண்பர்களோடு தனியாக ஒரு கம்பெனி தொடங்க நினைத்தாலும் முடியாது.

ஆகவே கையெழுத்துப் போடுகிறவருக்கு விஷயத்தைச் சொல்லிப் போடச் செய்யுங்கள். ஆண்டுக்கொரு முறை ஆடிட்டரிடம், பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்ததற்கான ரசீதைக் கேட்டு வாங்குங்கள். "எல்லாம் போட்டாச்சு அண்ணாச்சி" என்ற வாய்ச்சொல் போதாது.

மணமாகி வேறு வீடு போன மகளும், பாகம் பிரிந்த தம்பியும் பல கம்பெனிகளில் இன்னும் டைரக்டராகவே இருக்கிறார்கள். விலக விரும்புபவர் எழுத்து மூலம் கம்பெனிக்கு ராஜினாமா கொடுக்க வேண்டும். கம்பெனி அதை 30 நாட்களுக்குள் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். விலகுபவர் தாமே ஒரு பிரதியைப் பதிவாளருக்கு அனுப்பவும் வழியுண்டு. ஆனாலும் பதவியில் இருந்த காலத்துக் குற்றங்களுக்கு அவரே பொறுப்பு; ராஜினாமா தேதிக்குப் பிந்தியவற்றிலிருந்துதான் விடுதலை.