பனிமலையில் விழுந்தால் பில் யாருக்கு?

ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது இணைக்க வேண்டிய காகிதங்களில் பயண மருத்துவக் காப்பீடும் ஒன்று. குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். அவசர சிகிச்சை, ஆஸ்பத்திரிச் செலவு, உடல்நிலை மோசமானால் ஊருக்குத் திருப்பி அனுப்பும் செலவு எல்லாம் அதில் அடங்க வேண்டும். டிராவல் ஏஜென்ட் உட்கார்ந்த இடத்திலேயே ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடுவார், விசாவும் வந்துவிடும். அந்த பாலிசியின் பின்பக்கங்களில் பொடி எழுத்தில் இருக்கும் விலக்குப் பட்டியலை மட்டும் யாரும் படிப்பதில்லை. சாகச விளையாட்டில் ஏற்படும் காயத்துக்கு இழப்பீடு கிடையாது என்று பல பாலிசிகள் சொல்கின்றன. பனிச்சறுக்கு பெரும்பாலும் அந்தப் பட்டியலுக்குள்தான் வரும். விசா அதிகாரியைத் திருப்திப்படுத்திய அதே காகிதம், முழங்கால் ஜவ்வு கிழிந்து ஆல்ப்ஸ் மலை ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவருக்கு ஒன்றுக்கும் உதவாமல் போகலாம்.

எனவே ஸ்கீ விடுமுறைக்குத் திட்டம் போடுகிறவர், ஹோட்டலைத் தேடுவதற்கு முன் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புவது நல்லது. குளிர்கால விளையாட்டு சேர்ந்திருக்கிறதா, இல்லையென்றால் கூடுதல் பிரீமியம் எவ்வளவு? குறியிட்ட பாதையை விட்டு வெளியே போனாலும் செல்லுமா? மலையிலிருந்து ஹெலிகாப்டரில் இறக்கினால் அந்தச் செலவு யாருடையது? மது அருந்தியிருந்தால் என்ன ஆகும்? இன்னொருவர்மேல் மோதினால் அவருக்குத் தர வேண்டிய நஷ்டஈட்டை யார் கட்டுவார்? பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். போனில் “எல்லாம் கவர் ஆகும் சார்” என்று சொன்னதற்குப் பின்னால் சாட்சி கிடையாது.

ஹெலிகாப்டர் என்றதும் பலர் ஏதோ பணக்கார விபத்து என்று நினைக்கிறார்கள். ஆல்ப்ஸில் அது சாதாரண ஆம்புலன்ஸ் மாதிரி. கால் உடைந்தவரைக் கரடுமுரடான சரிவு வழியாக இழுத்து வருவதைவிட வானில் தூக்குவது எளிது என்றால் தூக்கிவிடுவார்கள். ஆஸ்திரியாவில் அப்படி ஒரு பயணத்துக்குச் சில ஆயிரம் யூரோ பில் வரும். பிரான்சில் நிலைமை கொஞ்சம் விசித்திரம். 1985-ஆம் ஆண்டின் மலைப்பகுதிச் சட்டம், ஸ்கீ பாதைகளில் நடக்கும் மீட்புக்கு உள்ளாட்சிகள் கட்டணம் வசூலிக்க இடம் கொடுத்தது. காட்டு மலையில் மாட்டிக்கொண்டவரை அரசு மீட்புப் படை இலவசமாகவே காப்பாற்றுகிறது. பாதையில் மீட்டால் பில் வரும் என்பதால்தான் பிரெஞ்சு லிஃப்ட் பாஸ் கவுன்ட்டரில் ‘காரே நேஜ்’ என்ற தினசரிக் காப்பீடு வேண்டுமா என்று கேட்கிறார்கள். ஒரு நாளைக்குச் சில யூரோதான். வேண்டாம் என்று தலையாட்டுவதற்கு முன் சொந்த பாலிசி என்ன சொல்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். சுவிட்சர்லாந்தில் ‘ரேகா’ என்ற வான்மீட்பு அமைப்பு இருக்கிறது, எண் 1414. ஆண்டுக்கு ஒரு சிறு தொகை கொடுத்து அதன் ஆதரவாளராகச் சேர்ந்தவர்களுக்கு, காப்பீடு தராத மீட்புச் செலவை அது தள்ளுபடி செய்யும் வழக்கம் உண்டு. ஐரோப்பா முழுவதற்கும் பொதுவான அவசர எண் 112. ஆஸ்திரிய மலைமீட்புக்கு 140.

சுவிஸில் வாழும் ஈழத்தமிழர் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு வேறு. ஒரே முதலாளியிடம் வாரத்துக்கு எட்டு மணி நேரமாவது வேலை செய்கிறவருக்கு வேலைக்கு வெளியே நடக்கும் விபத்துக்கும் கட்டாய விபத்துக் காப்பீடு உண்டு; ஸ்கீ விபத்தும் அதில் சேரும். பள்ளிக்கூட ஸ்கீ முகாமுக்குப் போகும் பிள்ளைக்கு மருத்துவக் காப்பீட்டிலேயே விபத்துப் பாதுகாப்பு இருக்கும். ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்த அம்மம்மாவும் அப்பப்பாவும் இந்த ஏற்பாட்டுக்குள் வரமாட்டார்கள். குழந்தைகளோடு சும்மா ஸ்லெட்ஜில் ஏறி உட்கார்ந்தவருக்கும் இடுப்பெலும்பு உடையும். லண்டன் குடும்பங்கள் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோகும் ஜிஹெச்ஐசி சுகாதார அட்டையும் மலை மீட்புக்கோ, ஊர் திரும்பும் செலவுக்கோ உதவாது.

சொந்தக் காயத்தைவிடப் பெரிய செலவு, அடுத்தவர் காயம். இத்தாலி இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. 2022 ஜனவரி 1 முதல் அந்நாட்டின் ஸ்கீ சரிவுகளில் இறங்குகிறவர் மூன்றாம் நபர் பொறுப்புக் காப்பீடு வைத்திருக்க வேண்டும். இல்லாமல் பிடிபட்டால் 100 முதல் 150 யூரோ அபராதம். லிஃப்ட் பாஸும் பறிபோகும். பாஸ் விற்கும் இடத்திலேயே இந்தக் காப்பீட்டையும் விற்க வேண்டும் என்பது சரிவை நடத்துவோரின் கடமை, எனவே வாங்குவது சிரமமில்லை. 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு மட்டும் இருந்த ஹெல்மெட் கட்டாயம் 2025 நவம்பர் முதல் எல்லா வயதினருக்கும் வந்துவிட்டது. குடித்துவிட்டுச் சறுக்குவதும் அங்கே குற்றம்.

இத்தாலியச் சட்டத்தில் இன்னொரு பிரிவு வெளிநாட்டுப் பயணிக்கு ரொம்ப முக்கியம். இரண்டு பேர் மோதிக்கொண்டால், மாறாக நிரூபிக்கும் வரை இருவர்மேலும் சமமான தவறு என்றே வைத்துக்கொள்வார்கள். தவறே செய்யாதவரும் ஆதாரம் காட்டாவிட்டால் பாதிச் சுமையைச் சுமக்க வேண்டும்.

தவறு யாருடையது என்பதை எப்படித் தீர்மானிக்கிறார்கள்? சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பான எஃப்ஐஎஸ் வகுத்த பத்து நடத்தை விதிகள்தான் ஐரோப்பிய நீதிமன்றங்களுக்கு அளவுகோல். அதில் அடிப்படை இது: மேலிருந்து வருகிறவர் கீழே இருப்பவருக்கு வழிவிட வேண்டும். கீழே போகிறவருக்கு முதுகில் கண் கிடையாது. நின்ற இடத்திலிருந்து கிளம்புகிறவரும், சரிவில் மேல்நோக்கித் திரும்புகிறவரும் மேலும் கீழும் பார்த்த பிறகே நகர வேண்டும். 2009 புத்தாண்டு தினத்தன்று ஆஸ்திரியாவின் ரீஸ்னர்ஆல்மில் ஜெர்மனியின் துரிங்கியா மாநில முதல்வர் டீட்டர் ஆல்தவுஸ் ஒரு பெண்மீது மோதினார். அந்தப் பெண் இறந்தார். தலையில் பலத்த காயத்தோடு உயிர் தப்பிய முதல்வருக்கு, கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றத்துக்காக ஆஸ்திரிய நீதிமன்றம் 33,300 யூரோ அபராதம் விதித்தது. விடுமுறைக்குப் போன இடத்தில் குற்றவழக்கு வரும் என்று யாரும் நினைப்பதில்லை. முதல்வருக்கே வந்தது.

அமெரிக்காவில் நடிகை க்வினெத் பால்ட்ரோ வழக்கும் இதே கேள்வியில்தான் சுழன்றது. 2016-இல் யூட்டா மாநிலத்தின் டீர் வேலியில் நடந்த மோதலுக்கு, அவர்தான் பின்னாலிருந்து வந்து இடித்தார் என்று ஓய்வுபெற்ற ஒருவர் மூன்று லட்சம் டாலருக்கு மேல் கேட்டார். இல்லை, அவர்தான் இடித்தார் என்று நடிகை ஒரே ஒரு டாலர் கேட்டு எதிர்வழக்குப் போட்டார். 2023 மார்ச்சில் ஜூரி நடிகையின் பக்கம் தீர்ப்பளித்தது. நடுவில் ஓடியது ஏழு வருடம்.

மோதல் நடந்த அந்தப் பத்து நிமிடங்களில் செய்ய வேண்டியவை சில. முதல் வேலை, விழுந்து கிடப்பவருக்குச் சில மீட்டர் மேலே இரண்டு ஸ்கீக்களைப் பனியில் குறுக்காக, பெருக்கல் குறிபோல நட்டு வைப்பது. மேலிருந்து வருகிறவர்கள் அதைப் பார்த்து விலகிப் போவார்கள். பிறகு அழைப்பு: பாதையோரக் கம்பங்களில் பாதையின் பெயரும் வரிசை எண்ணும் இருக்கும், அதைச் சொன்னால் மீட்புக்குழு தேடாமல் வந்து சேரும். அடுத்தது பெயர், முகவரி. மோதியவர், மோதப்பட்டவர், பார்த்தவர் மூவருமே தங்களை அடையாளம் காட்ட வேண்டும் என்பது பத்தாவது விதி. செல்போனில் சரிவு, பனியில் விழுந்த கோடுகள், அருகிலுள்ள அறிவிப்புப் பலகை எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டு, மீட்புக்குழு எழுதும் அறிக்கையின் பிரதி எங்கே கிடைக்கும் என்று கேட்டு வைக்க வேண்டும். நின்று உதவாமல் நழுவினால் அதுவே தனிக் குற்றமாகலாம்.

பாதையை விட்டு வெளியே போகும் ஆசை வேறு ரகம். கார் பந்தய வீரர் மைக்கேல் ஷூமாக்கர் 2013 டிசம்பர் 29 அன்று பிரான்சின் மெரிபெலில் விழுந்தது பெரிய பாறை முகட்டில் அல்ல. இரண்டு குறியிட்ட பாதைகளுக்கு நடுவே, விளிம்பிலிருந்து சில மீட்டர் தள்ளி, பனிக்குள் மறைந்திருந்த ஒரு பாறையில். ஹெல்மெட் போட்டிருந்தார். நெதர்லாந்து இளவரசர் ஃப்ரிசோ 2012 பிப்ரவரியில் ஆஸ்திரியாவின் லெஹில் பனிச்சரிவில் புதைந்தார். அன்று அபாய அளவு ஐந்துக்கு நான்கு. முழு நினைவு திரும்பாமலே மறு ஆண்டு இறந்தார். அந்த அளவுகோலில் புதியவர்கள் ஏமாறுவது மூன்றாம் படியில். ஐந்துக்கு மூன்று என்றால் ஏதோ பாஸ் மார்க் போலத் தோன்றும். பனிச்சரிவுச் சாவுகளில் பெரும்பங்கு நடப்பது அந்த மூன்றில்தான். புதைந்தவர் பிழைப்பதும் பிழைக்காததும் முதல் பத்து பதினைந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். எனவே சமிக்ஞைக் கருவி, துழாவும் கம்பி, மண்வெட்டி மூன்றும், கூட வருகிறவர்களிடமும் இருந்து, பயன்படுத்தத் தெரிந்தும் இருக்க வேண்டும். முதல்முறை போகிறவருக்கு ஒரே வரி: கயிறு கட்டிய இடத்துக்கு அப்பால் வேண்டாம்.

வாடகைக் கடையில் ஒரு சங்கடம் காத்திருக்கும். அங்கே இருப்பவர் எடை, உயரம், வயது, எவ்வளவு சறுக்கத் தெரியும் என்று கேட்பார். மரியாதைக்கோ விசாரணைக்கோ அல்ல. விழும்போது பூட்ஸ் எந்த அழுத்தத்தில் ஸ்கீயிலிருந்து கழல வேண்டும் என்பதை அந்தத் தகவல்களை வைத்துத்தான் திருகுகிறார்கள். கூட்டத்துக்கு நடுவே எடையைக் குறைத்துச் சொன்னால் சும்மா போகும்போதே கழலும். ‘நல்லா வரும்’ என்று பந்தாவுக்குச் சொன்னால் விழும்போது கழலாமல் முழங்காலைத் திருகும். பூட்ஸுக்குள் இரண்டு மூன்று சாக்ஸ் போடுவதும் தவறு, ஒன்றே போதும். ஜீன்ஸ் நனைந்தால் உறையும். பாதைகளின் நிறமும் நாட்டுக்கு நாடு மாறும்: பிரான்சில் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு, ஆஸ்திரியாவில் நீலமே தொடக்கப் பாதை.

எப்போது போவது? பிப்ரவரியில் ஐரோப்பியப் பள்ளிகளுக்கு விடுமுறை, வாடகை எகிறும், லிஃப்ட் வரிசை நீளும். ஜனவரி நடுப்பகுதி மலிவு. உயரமும் முக்கியம், 2023 புத்தாண்டையொட்டி ஆல்ப்ஸின் தாழ்வான பல சரிவுகளில் பனிக்குப் பதில் புல் தெரிந்தது. 2,300 மீட்டரில் இருக்கும் வால் தொரான் போன்ற இடங்களில் அந்தக் கவலை குறைவு. சில லிஃப்ட்கள் மூடியிருந்தால் பாஸ் பணம் திரும்பாது என்று நிபந்தனையில் இருக்கும், வாங்குமுன் படிக்க வேண்டும்.

பனிப்பொழிவால் விமானம் ரத்தானால்? ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பும் எந்த விமானமானாலும் பயணிக்கு உரிமை உண்டு. வானிலை காரணம் என்பதால் 600 யூரோ வரையிலான நஷ்டஈடு கிடைக்காமல் போகலாம்; ஆனால் சாப்பாடு, தங்கும் இடம், மாற்று விமானம் அல்லது பணம் திரும்பப் பெறுதல் ஆகியவற்றைத் தட்டிக்கழிக்க முடியாது. ஸ்கீ பை வராவிட்டால் விமான நிலையத்தை விட்டு வெளியேறுமுன் புகார் பதிய வேண்டும். சேதத்துக்கு 7 நாள், தாமதத்துக்கு 21 நாளுக்குள் எழுத்துபூர்வமாகக் கேட்க வேண்டும்.

ஏஜென்ட் ஏமாற்றினால் அவர் அலுவலகம் டெல்லியில் இருந்தாலும் மதுரைக்காரர் மதுரையிலேயே வழக்குப் போடலாம். 2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக அனுமதிக்கிறது. இரண்டு ஆண்டு அவகாசம். உதவி எண் 1915. காப்பீட்டுக் கம்பெனி எழுத்துபூர்வமான புகாரை நிராகரித்தாலோ, அதற்கு 30 நாளில் பதில் தராவிட்டாலோ, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் போகலாம். தமிழ்நாட்டுக்கு அலுவலகம் சென்னையில். 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைகளை விசாரிப்பார்கள். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். அங்கே கேட்கப்படுவது அசல் பில், டிஸ்சார்ஜ் அறிக்கை, மீட்புக்குழுவின் குறிப்பு. இத்தாலிய ஆஸ்பத்திரி இத்தாலிய மொழியில்தான் எழுதிக் கொடுக்கும். ஆங்கிலப் பிரதி கிடைக்குமா என்று கட்டிலை விட்டு இறங்கும் நாளிலேயே கேட்டு, எல்லாவற்றையும் போனில் படமெடுத்து இன்சூரன்ஸ் கம்பெனியின் மின்னஞ்சலுக்கு அங்கிருந்தே அனுப்பிவிட்டால், கோரிக்கை எண்ணும் அன்றே கைக்கு வந்துவிடும்.