சாவிக்கொத்து – 14: மயிலாப்பூர் உயிலும் தாம்பரத்து உயிலும்

உயிலை நிறைவேற்றும் எக்ஸிகியூட்டரின் கடமைகளைப் போன வாரம் பார்த்தோம். தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிப் படித்துவிடுங்கள். இந்த வாரம் கேவியட், அதாவது உயிலை எதிர்ப்பவர் கோர்ட்டில் போடும் தடை மனு, என்று சொல்லியிருந்தேன். குறிப்புகளும் தயார். ஆனால் ஒரு தேதியைச் சரிபார்க்க இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவைத் திறந்தேன். இதழ் அச்சுக்குப் போகும் நேரம் வரை அந்தப் பிரிவை விட்டு வெளியே வர முடியவில்லை.

அந்தத் தேதி 1870 செப்டம்பர் 1.

சட்டம் 1925-ல் வந்தது. அதற்குள் 1870 எதற்கு? பிரிவைப் பொறுமையாகப் படித்தால் விளங்கும். இந்து, சீக்கியர், சமணர், பௌத்தர் எழுதும் உயில்களைப் பற்றிய பிரிவு அது. வங்காளத்தின் லெப்டினன்ட் கவர்னருக்கு அந்தத் தேதியில் உட்பட்டிருந்த நிலப்பகுதிக்குள்ளோ, சென்னை, பம்பாய் உயர் நீதிமன்றங்களின் நேரடி சிவில் அதிகார எல்லைக்குள்ளோ எழுதிய உயில் ஒரு வகை. வெளியூரில் எழுதியிருந்தாலும் அந்த எல்லைகளுக்குள் இருக்கும் வீடு, நிலத்தைப் பற்றிப் பேசினால் அதுவும் அதே வகையில் சேரும். மற்ற உயில்கள் எல்லாம் வேறு வகை. முதல் வகை உயிலை வைத்துக்கொண்டு எந்தக் கோர்ட்டிலும் உரிமை கேட்க வேண்டுமானால், முதலில் புரோபேட், அதாவது உயில் மெய்யானது என்று கோர்ட் தரும் சான்று, வாங்கியாக வேண்டும் என்றது 213-ஆம் பிரிவு. இரண்டாம் வகைக்கு அந்தக் கட்டாயம் இருக்கவில்லை.

நடைமுறையில் இதற்கு என்ன பொருள் இருந்தது என்று பாருங்கள். மதுரைக்காரர் தன் மதுரை வீட்டைப் பற்றி மதுரையிலேயே உயில் எழுதினால் புரோபேட் தேவையில்லை. அவரே மயிலாப்பூரில் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது அதே வீட்டைப் பற்றி எழுதினால் தேவை. தாம்பரத்துக்காரர் தாம்பரம் வீட்டைப் பற்றித் தாம்பரத்தில் எழுதினால் வேண்டாம், தி.நகரில் ஒரு கிரவுண்டு இருந்து அதையும் சேர்த்து எழுதினால் வேண்டும். அதே சொத்து, அதே பிள்ளைகள், அதே கையெழுத்து. எந்த ஊரில் உட்கார்ந்து பேனாவை எடுத்தார் என்பதைப் பொறுத்துக் குடும்பம் கோர்ட் படி ஏறுவதும் ஏறாததும் முடிவானது.

இந்தக் கோடு இப்படி விழுந்ததற்குக் காரணம் இன்னும் பழையது. சென்னையில் கம்பெனி வெள்ளைக்காரர்கள் இறந்துபோனால் அவர்களுடைய சரக்கையும் கடனையும் யார் பார்ப்பது என்ற கேள்விக்காக, 1726-ஆம் ஆண்டு அரச சாசனம் இங்கிருந்த மேயர் கோர்ட்டுக்கு உயில்களை மெய்ப்பித்துத் தரும் அதிகாரத்தைக் கொடுத்தது. அது 1801-ல் சுப்ரீம் கோர்ட்டுக்கும், 1862-ல் உயர் நீதிமன்றத்துக்கும் கைமாறியது. இறந்தவர் சொத்தைப் பார்த்துக்கொள்ள ஆங்கில முறையில் பழகிய கோர்ட் சென்னை, பம்பாய், கல்கத்தா என்ற மூன்று நகரங்களில்தான் இருந்தது. அதனால் 1870-ல் இந்து உயில்கள் சட்டம் கொண்டுவந்தபோதும், வங்காளத்தை விட்டால் சென்னை, பம்பாய் நகரங்களோடு நிறுத்திக்கொண்டார்கள். அப்போதைய வங்காளம் என்றால் இன்றைய பீகார், ஒடிசா, அசாம் எல்லாம் சேர்ந்த பெரும்பரப்பு. மாகாணங்கள் பிரிந்தன, நாடே பிரிந்தது. சட்டப் புத்தகத்தில் மட்டும் அந்த வரைபடம் அப்படியே தங்கிவிட்டது.

கோட்டுக்கு வெளியே இன்னொரு விசித்திரம் இருந்தது. அங்கே இந்து ஒருவர் உயிலை எழுதவே வேண்டாம். வாயால் சொன்னால் போதும். ‘இந்த வீடு இளையவனுக்கு, அந்த நஞ்சை பெரியவனுக்கு’ என்று கட்டிலில் படுத்தபடி நாலு பேர் முன்னிலையில் சொன்னதே சட்டப்படி செல்லும், நிரூபிக்க முடிந்தால். எழுத்து, கையெழுத்து, இரண்டு சாட்சிகள் என்ற விதி எல்லா ஊருக்கும் வந்தது 1927 ஜனவரி 1 முதல்தான். நம் தாத்தா, பாட்டி தலைமுறை பிறந்த பிறகும் தஞ்சாவூரில் வாய்மொழி உயில் உயிரோடு இருந்திருக்கிறது. சென்னைக்குள் அது 1870-லேயே முடிந்துவிட்டது. பழைய சொத்துக் கதைகளில் ‘அப்பா வாயாலேயே சொல்லிட்டுப் போனார்’ என்று பெரியவர்கள் உறுதியாகச் சொல்வதை இனி வெறும் ஆசை என்று நான் தள்ளமாட்டேன். எந்த ஊர், எந்த ஆண்டு என்று கேட்பேன்.

அந்த 1870-ஐ ஒட்டி கல்கத்தாவில் நடந்த வழக்கு ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. பிரசன்ன குமார் தாகூர் பெரும் ஜமீன்தார், சட்டம் கரைத்துக் குடித்தவர். ரவீந்திரநாத் பிறந்த தாகூர் குடும்பத்தின் இன்னொரு கிளை. அவருடைய மகன் ஞானேந்திர மோகன் கிறிஸ்தவரானார். லண்டன் லிங்கன்ஸ் இன்னில் 1862-ல் பாரிஸ்டர் பட்டம் பெற்று, அப்படிப் பெற்ற முதல் இந்தியர் ஆனார். தந்தை அவரை உயிலில் முழுதாக ஒதுக்கிவிட்டார். சொத்து உறவினர் ஜதீந்திர மோகனுக்கு, அவருக்குப் பின் அவர் வாரிசுகளில் மூத்த ஆணுக்கு, அப்படியே தலைமுறை தலைமுறையாக, இன்னும் பிறக்காதவர்கள் வரை எழுதி வைத்தார். 1868-ல் இறந்தார். மகன் வழக்குப் போட்டார். 1872-ல் லண்டன் பிரிவி கவுன்சில் சொன்னது: உயிலை எழுதியவர் இறக்கும்போது பிறந்தே இராதவருக்கு இந்து ஒருவர் சொத்து எழுதி வைக்க முடியாது, ஜதீந்திர மோகன் ஆயுள் வரை அனுபவிக்கட்டும், அதன் பிறகு உரிமை சட்டப்படியான வாரிசுக்கு. அதாவது அந்த மகனுக்கே. அது கைக்கு வருவதற்குள் 1890-ல் மகன் இறந்துபோனார் என்பது வேறு துயரம். பிரசன்ன குமார் விட்டுச் சென்ற நிதியில்தான் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் தாகூர் சட்டச் சொற்பொழிவுகள் தொடங்கின. அவ்வளவு சட்டம் தெரிந்தவரின் உயிலே பாதியில் முறிந்தது. சட்டம் தெரியாத நாம் வெள்ளைத் தாளில் ‘பரம்பரை பரம்பரையாக’ என்று எழுதிவிட்டுப் போகும்போது இதை நினைக்க வேண்டும்.

கோட்டுக்குத் திரும்புகிறேன். ஊரோடு மதமும் சேர்ந்துகொண்டது. முஸ்லிம்களின் உயில்களுக்கு 213 பொருந்தவில்லை. கிறிஸ்தவர்களுக்கோ ஊர் பேதமில்லாமல் பொருந்தியது. பாளையங்கோட்டையில் அடுத்தடுத்த வீட்டில் இந்துக் குடும்பமும் கிறிஸ்தவக் குடும்பமும் இருந்தால், இந்து வீட்டு உயிலுக்குப் புரோபேட் வேண்டாம், கிறிஸ்தவ வீட்டு உயிலுக்கு வேண்டும். இது பாரபட்சம் என்று போன வழக்கை உச்ச நீதிமன்றம் 2001-ல் ஏற்கவில்லை. மூன்று நகரங்களில் இந்துக்களுக்கும் இதே சுமை இருக்கிறதே, இது வரலாற்றில் வந்த வேறுபாடு என்றது. ஆனால் மறு ஆண்டே, 2002-ல், நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு விலக்குக் கொடுத்தது. உடனே படம் தலைகீழானது. மயிலாப்பூரில் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்ட இரண்டு வீடுகளில் அதன் பிறகு கிறிஸ்தவர் போக வேண்டியதில்லை, இந்து போக வேண்டும் என்றானது.

எல்லாவற்றுக்கும் 2025 டிசம்பரில் முடிவு வந்தது. எழுபத்தொரு பழைய சட்டங்களை நீக்கிய அதே சட்டத்தின் வழியாக 213-ஆம் பிரிவும் போய்விட்டது. 155 வருடத்துக் கோடு அது. நான் மனதார வரவேற்கிறேன். மயிலாப்பூர் விதவைக்கு ஒரு சுமை, மதுரை விதவைக்கு அது இல்லை என்ற நிலைக்கு நியாயமே கிடையாது.

ஆனால் இதைப் படித்துவிட்டு, ‘இனி உயிலை நிரூபிக்கவே வேண்டாம்’ என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. போனது கட்டாயம் மட்டும். புரோபேட் என்ற வழி திறந்தே இருக்கிறது, வேண்டியவர் போகலாம். ஒருவர் எதிர்த்தால் எந்தக் கோர்ட்டிலானாலும் உயிலை மெய்ப்பித்தே ஆக வேண்டும். மெய்ப்பிக்கும் முறையும் மாறவில்லை. சாட்சி உயிரோடு இருந்து, கோர்ட்டுக்கு வர முடிகிற நிலையில் இருந்தால் ஒருவரையாவது கொண்டுவர வேண்டும். உயில் ரிஜிஸ்டர் ஆகியிருந்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது.

உயர் நீதிமன்றத்தில் சாட்சியம் பதிவு செய்யும் அதிகாரியான மாஸ்டர் முன் ஒரு பெரியவர் சாட்சி சொன்னதைப் பார்த்தேன். இறந்தவரோடு ஒரே ஆபீசில் வேலை பார்த்தவர். இன்னொரு சாட்சி காலமாகிவிட்டதால் முழுப் பாரமும் இவர் தலையில். வக்கீல் உயிலின் கடைசிப் பக்கத்தை நீட்டினார். பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

“ஐயா, இதுல உங்க கையெழுத்து எது?”

“கீழே இருக்கறது. பச்சை மசி. அப்பெல்லாம் நான் பச்சைலதான் போடுவேன்.”

“அவர் கையெழுத்துப் போடும்போது நீங்க எங்க இருந்தீங்க?”

“எதிர்லயே உட்கார்ந்திருந்தேன். அவர் போட்டார், நான் பார்த்தேன். அப்புறம் நான் போட்டேன், அவர் பார்த்துக்கிட்டு இருந்தார்.”

அந்தக் கடைசி இரண்டு வாக்கியங்கள்தான் வழக்கு. எழுதியவர் கையெழுத்திட்டதைச் சாட்சி பார்த்திருக்க வேண்டும், அல்லது அது தன் கையெழுத்துதான் என்று எழுதியவரே சாட்சியிடம் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். சாட்சி கையெழுத்திட்டது எழுதியவர் முன்னிலையில் நடந்திருக்க வேண்டும். ‘பேப்பரை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாங்க, போட்டுக் கொடுத்தேன்’ என்று அவர் சொல்லியிருந்தால் அந்த உயில் அங்கேயே விழுந்திருக்கும். அந்த வீடு உண்மையில் இறந்தவருக்குச் சொந்தமா என்று ஒருவரும் கேட்கவில்லை. புரோபேட் கோர்ட் அதைப் பார்ப்பதில்லை. இது அவருடைய கடைசி உயில்தானா, சுயநினைவோடு எழுதினாரா, முறைப்படி எழுதினாரா என்பதோடு அதன் வேலை முடிகிறது. முடிந்ததும் மூல உயில் கோர்ட்டிலேயே தங்கிவிடும்; முத்திரையிட்ட நகல்தான் குடும்பத்துக்கு வரும். அப்பாவின் கையெழுத்துள்ள தாளைத் திரும்பக் கேட்டு ஏமாந்துபோகிறவர்கள் உண்டு. முன்பே நல்ல நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

உயில் எழுதப்போகிறவர்களுக்கு என் வேண்டுகோள்: உங்களைவிட வயதில் சிறியவர்களைச் சாட்சியாக வையுங்கள். தகப்பனார் பெயர், முழு முகவரியோடு எழுதுங்கள். சொத்து பெறப்போகிறவரைச் சாட்சி ஆக்காதீர்கள். நம் ஊரில் மரியாதைக்காகத் தெருவிலேயே மூத்தவரைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குகிறோம். உயில் திறக்கும் நாளில் அவர் இருப்பதில்லை.

213 போனதில் எனக்கு ஒரே ஒரு கவலை. புரோபேட் மனு போட்டால் சட்டப்படியான எல்லா வாரிசுகளுக்கும் தகவல் போகும். சம்மதம் எழுதிக் கொடுக்காதவர்களுக்குச் சைட்டேஷன் என்ற கோர்ட் அறிவிப்பை அனுப்புவார்கள், பேப்பரிலும் விளம்பரம் வரும். உயிலில் பெயரே இல்லாத மகள், கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து அப்போதுதான் தெரிந்துகொள்வாள்: அப்பா ஓர் உயில் எழுதியிருக்கிறார், அதில் நான் இல்லை. எதிர்ப்பதா விடுவதா என்பது அவள் பாடு; ஆனால் தெரியாமல் எதுவும் நடக்கவில்லை. கோட்டுக்கு வெளியே இருந்த பெண்களுக்கு இந்தத் தகவல் என்றைக்குமே கிடைத்ததில்லை. பல வீடுகளில் பட்டா பெயர் மாறிய பிறகோ, வீடு கைமாறிய பிறகோதான் விஷயம் வெளியே வந்தது. சென்னைப் பெண்களும் இனி அந்த வரிசையில் சேர்ந்துவிடக் கூடாது. கட்டாயம் நீங்கியதோடு, உயிலை வைத்துப் பெயர் மாற்றக் கேட்டு வரும்போது எல்லா வாரிசுகளுக்கும் அறிவிப்புக் கொடுத்தே தீர வேண்டும் என்ற விதியைக் கண்டிப்பாக நடத்தியாக வேண்டும். இதைப் பற்றிச் சட்டமன்றத்தில் யாராவது பேச வேண்டும்.

இன்னொன்று. எழுதியவர் இறந்து ஏழு முழு நாள் ஆகாமல் புரோபேட் கொடுக்கக் கூடாது என்பது விதி. உயில் இல்லாத சொத்துக்கோ, உயிலில் எக்ஸிகியூட்டர் பெயர் இல்லாதபோதோ வாங்கும் லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷனுக்குப் பதினான்கு நாள். பதினாறாம் நாள் காரியம் முடியாமல் நம் வீடுகளில் யாரும் கோர்ட் பக்கம் போகமாட்டார்கள் என்பதால் இந்த விதி நம்மை அவ்வளவாகத் தொடுவதில்லை. புரோபேட் கைக்கு வந்த பிறகு உள்ள கெடுதான் தொடும்: ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியல், ஒரு வருடத்துக்குள் வரவு செலவுக் கணக்கு. வாங்கிய தாளைப் பீரோவில் வைத்துவிட்டு இதை மறந்துவிடும் எக்ஸிகியூட்டர்கள் அதிகம். போன வாரமே எழுதியிருக்க வேண்டியது, இடம் போதவில்லை.

கேவியட் அடுத்த வாரம் உறுதியாக வரும். ஒருவர் கேவியட் போட்டதும் ஓ.பி. என்ற புரோபேட் மனு எப்படி டி.ஓ.எஸ். என்ற முழு வழக்காக மாறுகிறது என்பதில் தொடங்கி, மைசூரிலிருந்து போய் 1958-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த வெங்கடாசல ஐயங்கார் வழக்கு வரை போகலாம் என்று இருக்கிறேன். உயில் தயாரானதில் முன்னின்று உழைத்தவரே அதை நிரூபிக்க வந்தபோது, சந்தேகங்களை எல்லாம் நீங்கள்தான் தீர்க்க வேண்டும் என்று கோர்ட் அவர் தோளில் ஏற்றிய பாரம் எவ்வளவு என்பதை அதில் பார்ப்போம்.