ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுவது எங்ஙனம்?

ஆராய்ச்சிக் கட்டுரை என்றவுடன் மாணவர் பலர் மலைத்துப் போகின்றனர். நாலைந்து நூல்களைப் புரட்டிச் சில பக்கங்களைப் பெயர்த்தெழுதினால் கட்டுரை முடிந்தது என்று கருதுவோரும் உளர். இரண்டும் பொருந்தா எண்ணங்களே. தாம் கண்டதை, பிறர் சென்று சரிபார்க்கும் வண்ணம் எழுதி வைப்பதே ஆராய்ச்சிக் கட்டுரையாகும். இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. ஆரணியாறு பாயும் நம் திருவள்ளூர் மாவட்டமே அதனைத் தருகின்றது.

1863-ஆம் ஆண்டு மே மாதம், பல்லாவரத்துச் சரளைக் குழியொன்றில், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் பூட் கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில், வில்லியம் கிங் என்பாருடன், கொசஸ்தலையாற்றை அடுத்த அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டார். 1866-இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பே, கருவிகள் செம்பூராங்கல் படிவுகளில் கிடைத்தன என்பதையும், எந்த மாவட்டங்களில் கிடைத்தன என்பதையும் சொல்லிவிடுகிறது. இடமும் அடுக்கும் அறியப்படாத கல், வெறுங்கல்லே. அவை குறிக்கப்பட்ட கல்லோ, வரலாற்றுக்குச் சாட்சி.

இனி, நீங்கள் எழுதும் முறையைக் கூறுகிறேன். முதலாவது, வினா சிறியதாக இருத்தல் வேண்டும். ‘ஆரணியின் தண்ணீர்’ என்பது வினாவன்று. கடல் போன்ற பொருள். ‘எங்கள் தெருவின் ஐந்து கிணறுகளில், தை முதல் வைகாசி வரை நீர்மட்டம் எவ்வளவு தாழ்ந்தது?’ என்பதே வினா. இதற்கு விடை காண ஒரு கயிறும், ஒரு கல்லும், ஓர் அளவுகோலும், பொறுமையும் போதும்.

இரண்டாவது, முறையை எழுதுக. எந்த நாளில், எந்த வேளையில், கிணற்றின் எவ்விடத்திலிருந்து அளந்தீர்கள்? நீர் இறைப்பதற்கு முன்போ, பின்போ? இவற்றைச் சொல்லாவிடின், மற்றொருவர் அளக்கும்போது வேறுபாடு தோன்றினால், மாறியது நீரா, அளவா என்பது விளங்காது. குறிப்புகளை அவ்விடத்திலேயே, அந்நேரத்திலேயே எழுதுக. இரவில் நினைவிலிருந்து எழுதுவது கற்பனைக்கு வழிவிடும்.

மூன்றாவது, கண்டதையும் கருதியதையும் கலவாதீர். ‘நீர் ஆறு அடி தாழ்ந்தது’ என்பது கண்டது. ‘தொழிற்சாலைகளே காரணம்’ என்பது கருதியது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை நமக்கு அண்மையில் இருப்பதால் அவ்வாறு எழுதக் கை துடிக்கும். ஆயினும் மழை குறைந்ததா, வயலுக்கு மிகுதியாக இறைத்தனரா என்று ஆராயாமல் அத்தீர்ப்பைக் கூறலாகாது. உழவரின் தண்ணீரும் தொழிலாளரின் பிழைப்பும் சம்பந்தப்பட்ட பொருளில், ஆதாரமற்ற ஒரு வரி இரு சாராருக்குமே தீங்கு செய்யும். ஆதாரமுள்ள குறிப்போ, ஊரார் முறையிடுவதற்கு உறுதுணையாகும்.

நான்காவது, எல்லையை ஒப்புக்கொள்ளுங்கள். ஐந்து கிணறுகளை அளந்தவர் ஊர் முழுவதையும் பற்றி முடிவு கூறலாகாது. பிறர் நூலினின்று எடுத்ததைப் பிறருடையதென்றே சொல்லுங்கள். என் மாணவர்களிடம் நான் முதலில் தேடுவது சொல்லழகையன்று. ‘இது எனக்கு விளங்கவில்லை’ என்று எழுதும் துணிவையே.

அத்திரம்பாக்கத்திற்கு மீண்டும் வருவோம். 1863-இல் அக்கருவிகளின் வயதை ஆண்டுக்கணக்கில் அளக்கும் கருவி உலகில் எவரிடமும் இல்லை. ஆயினும் இடம் குறிக்கப்பட்டிருந்தமையால், சாந்தி பப்பு முதலிய ஆய்வாளர்கள் 1999 முதல் அங்கே அகழ்ந்தனர். மிகப் பழைய கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என 2011-இல் அறிவித்தனர். அடுத்த வகைக் கருவிகள் ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கின என 2018-இல் எழுதியபோது, 64,000 ஆண்டுகள் முன்பின்னாகலாம் என்பதையும் மறையாமல் சேர்த்தே எழுதினர். அறிஞர்க்கு அது குறையன்று, நாணயம்.

ஒருவர் குறித்து வைத்ததை நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து மற்றொருவர் தொடர முடிந்தது. நீங்கள் இவ்வாண்டு அளக்கும் கிணற்றின் ஆழமும், நாளை பிறக்கும் மாணவன் ஒருவனுக்குத் தொடக்கப் புள்ளியாகலாம். அவன் நம்பத்தக்கவாறு எழுதுங்கள்.