முகமொழி பயிற்றும் மென்பொருள்கள்

புருவம் சுருங்குவதும் உதட்டோரம் தாழ்வதும் நொடிப்பொழுதில் தோன்றி மறைவன. அவற்றைக் கண்டு பிறர் உள்ளத்தை உணரும் திறன் பலருக்குக் கற்பிக்காமலே வாய்க்கிறது. மதியிறுக்கம் (ஆட்டிசம்) உடைய பலருக்கோ அது முயன்று பயில வேண்டிய கலை. கணினி இங்கே நல்ல ஆசானாகிறது. விரைந்து மறையும் முகக்குறியை அது நிறுத்திக் காட்டும். எத்தனை முறை கேட்பினும் சலியாது காட்டும்.

கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தில் சைமன் பாரன்-கோயன் குழுவினர் உருவாக்கிய ‘மைண்டு ரீடிங்’ இத்துறையின் முன்னோடி மென்பொருள்களுள் ஒன்று. மாந்த உணர்வுகள் 412-ஐ அது 24 தொகுதிகளாக வகுத்தது. ஒவ்வோர் உணர்வுக்கும் முகக்காட்சிகள் ஆறு, குரற்பதிவுகள் ஆறு. ஒரே சினம் முதியவர் முகத்தில் ஒருவாறும் இளையவர் முகத்தில் வேறொருவாறும் வெளிப்படுவதைப் பயில்வோர் ஒப்பிட்டு அறியலாம். 2006-இல் வெளியான ஆய்வில், இதனைச் சில கிழமைகள் பயன்படுத்திய, மதியிறுக்கம் உடைய பெரியவர்கள் பயின்ற முகங்களையும் குரல்களையும் முன்னினும் நன்கு இனங்கண்டனர். ஆயினும் பயிலாத புதிய காட்சிகளில் அத்தகு முன்னேற்றம் தோன்றவில்லை. திரையில் பெற்ற அறிவு வாழ்வில் இறங்குவதே இத்துறையின் கடினமான முடிச்சு.

அதனை அவிழ்க்க முயன்றது, அக்குழுவின் ‘டிரான்சுபோர்ட்டர்சு’ என்னும் அசைபடத் தொடர். மதியிறுக்கம் உடைய சிறுவர் பலர் ஒழுங்கு மாறா இயக்கங்களில் ஈடுபாடு கொள்வர். ஆகவே, தண்டவாளத்திலும் கம்பிவடத்திலும் செல்லும் எட்டு ஊர்திகளைக் கதைமாந்தராக்கி, அவற்றின் முகப்பில் உண்மை மாந்தரின் முகங்களைப் பொருத்தினர். ஊர்தியைக் காணும் கண் முகத்தையும் கண்டது. 15 கதைகள் 15 உணர்வுகளைக் கற்பித்தன. நான்கு கிழமைகள் நாள்தோறும் பார்த்த 4 முதல் 7 அகவைச் சிறுவர், புதிய முகங்களிலும் உணர்வை அறிந்தனர். குழந்தையின் விருப்பத்தையே கல்வியின் வாயிலாக்கியது இத்தொடரின் சிறப்பு. எனினும், கற்றல் திறன் குறைந்த சிறுவரிடையே பின்னர் நிகழ்ந்த ஆய்வில் பயன் சிறிதாகவே இருந்தது.

பிறர் உணர்வை அறிவதோடு தன் உணர்வை உரைப்பதும் வேண்டும். சென்னையில் உருவான ‘ஆவாசு’ செயலி அதற்குத் துணை நிற்கிறது. பேச இயலாத குழந்தை படத்தைத் தொட, செயலி அதனைக் குரலாக ஒலிக்கிறது. தமிழிலும் இது பேசும். ‘வலிக்கிறது’, ‘அச்சமாக இருக்கிறது’ என்று சொல்ல இயன்ற குழந்தை, அழுது அரற்றி உணர்த்தும் துன்பத்தினின்று விடுபடுகிறது.

புரிந்துகொள்ளாமை இருபுறமும் உள்ளது என்பதை, மதியிறுக்கம் உடைய அறிஞர் டேமியன் மில்ட்டன் 2012-இல் நிறுவ முற்பட்டார். மதியிறுக்கம் உடையோர் நம் முகத்தைப் படிக்க இடர்ப்படுவது போலவே, நாமும் அவர்கள் முகத்தைப் படிக்கத் தவறுகிறோம். எனவே, இக்கருவிகளைப் படைப்போர் அவர்களையும் உடனிருத்திப் படைக்க வேண்டும். பெற்றோரும் ஆசிரியரும் கருவியைக் குழந்தையின் கையில் கொடுத்துவிட்டு அமையாது, அருகிருந்து குழந்தையின் உணர்வுமொழியைத் தாமும் பயில வேண்டும்.